ஒரே எழுத்தில் விலை மாறும்: அயர்லாந்தின் பழைய நாணயங்களைச் சேர்க்க ஒரு தொடக்கம்

என்னிடம் இருக்கும் அயர்லாந்து நாணயங்களில் நான் முதலில் வாங்கியது வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை. மங்கிப்போன ஒரு பித்தளைக் காசு. நம்முடைய பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது. ஒரு பக்கம் இலைமாலை சூடிய ஒரு மனிதர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுபக்கம் ஒரு கிரீடம், அதற்குப் பின்னால் குறுக்காக இரண்டு செங்கோல்கள், மேலே ரோம எண்ணில் பன்னிரண்டு. அதாவது 12 பென்ஸ், ஒரு ஷில்லிங். மேலே 1689 என்று ஆண்டு. கிரீடத்துக்குக் கீழே, பாதி தேய்ந்த எழுத்தில், ஆகஸ்ட் என்பதன் சுருக்கம்.

நாணயத்தில் ஆண்டு இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாதம்? மாத்திரை அட்டையில்தான் மாதமும் ஆண்டும் சேர்த்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு அரசாங்கம் தன் காசில் ஏன் மாதத்தை அடிக்க வேண்டும்? அந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், புதிதாக வருகிறவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். பழையது வேறு, அரியது வேறு. ஆயிரம் ஆண்டு பழைய டப்ளின் வெள்ளிப் பென்னி இன்றும் ஏலத்துக்கு வருகிறது. பணம் இருந்தால் வாங்கலாம். 1646-ல் டப்ளினில் அடித்த பிஸ்டோல் என்ற தங்க நாணயம் அதைவிட 650 ஆண்டு இளையது. ஆனால் அதை நீங்களும் நானும் அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால்தான் உண்டு. எத்தனை அடித்தார்கள், எத்தனை உருக்கப்பட்டன, எத்தனை மண்ணுக்குள் தப்பின என்பதுதான் அருமையைத் தீர்மானிக்கிறது. வயதுக்கு அதில் பெரிய பங்கில்லை.

அயர்லாந்து நாணயங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு காசுகளில் ஒன்று சாதாரணமானதாகவும் மற்றது கிடைக்காததாகவும் இருக்கும். வித்தியாசம் ஒரு எழுத்தாக இருக்கலாம், ஒரு ஊர்ப் பெயராக இருக்கலாம், ஒரு மாதமாக இருக்கலாம். அதனால் வாங்குவதற்கு முன் வாசிக்கப் பழக வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று: யார் பெயரில் அடித்தது, எந்த ஊர் நாணயச்சாலை, எந்தக் காலம். காசு இந்த மூன்றையும் சொல்லிவிடும். சில சமயம் பொய்யாகச் சொல்லும், அதுவும் சுவாரஸ்யம்தான்.

நகலெடுத்துத் தொடங்கிய நாடு

பத்தாம் நூற்றாண்டின் இறுதிவரை அயர்லாந்தில் யாரும் நாணயம் அடிக்கவில்லை. மாட்டைக் கணக்கு வைத்தும், வெள்ளியை வெட்டி நிறுத்தும் கொடுக்கல் வாங்கல் நடந்தது. முதல் காசை அடித்தவரும் ஐரிஷ் அரசர் இல்லை. டப்ளினை ஆண்ட வைக்கிங் அரசர் சிக்த்ரிக். 'பட்டுத் தாடி' என்பது அவருக்கு வைத்த பட்டப்பெயர். 995-ஐ ஒட்டி அவர் பெயரில் வெள்ளிப் பென்னிகள் வரத் தொடங்குகின்றன.

அவர் புது வடிவம் எதையும் யோசிக்கவில்லை. அப்போது இங்கிலாந்தில் இரண்டாம் ஈதல்ரெட் அடித்துக்கொண்டிருந்த பென்னியை அப்படியே நகலெடுத்தார். அரசரின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் சிலுவை, சிலுவையைச் சுற்றி நாணயம் அடித்தவர் பெயரும் ஊரும். ஈதல்ரெட் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரைப் போட்டார், ஊர் இருந்த இடத்தில் டிஃப்லின் என்று போட்டார். வைக்கிங் மொழியில் டப்ளினுக்கு அதுதான் பெயர். வியாபாரிகள் இங்கிலாந்து வெள்ளியை நம்பினார்கள், அதனால் அதைப்போலவே இருந்தால்தான் காசு ஓடும். சில காசுகளில் சிக்த்ரிக் பெயர் இருக்கும், ஆனால் மறுபக்கம் லண்டன் போன்ற இங்கிலாந்து ஊரின் பெயர் இருக்கும். அச்சு வெட்டியவர் முன்னால் இருந்த மாதிரிக் காசைக் கண்ணை மூடிக்கொண்டு பிரதி எடுத்திருக்கிறார். காசு பொய் சொல்லும் என்று சொன்னேனே, இதுதான்.

நாணயவியலாளர்கள் இந்த வைக்கிங் டப்ளின் காசுகளை ஏழு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். தொடக்கக்காரருக்கு இரண்டு தெரிந்தால் போதும். முதல் கட்டக் காசு ஒன்றரை கிராமை ஒட்டி இருக்கும், எழுத்தை வாசிக்க முடியும். ஏறக்குறைய 1035-க்குப் பிறகு வரும் மூன்றாம் கட்டத்தில் எடை ஒரு கிராமை நெருங்கிவிடும், எழுத்துகள் வெறும் கோடுகளாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எழுத்து மாதிரி எதையோ கீறியதுபோல் இருக்கும். ஆனால் சிலுவையின் மூலைகளில் சின்னதாக மனிதக் கை வந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் மூன்றாம் கட்டம் என்று சொல்லிவிடலாம். விலையிலும் இந்தக் கோணல் காசுதான் தொடக்கக்காரருக்கு எட்டக்கூடியது. வாசிக்கக்கூடிய சிக்த்ரிக் பெயரோடு முதல் கட்டக் காசு வேண்டுமென்றால் பர்ஸைக் கொஞ்சம் அகலமாகத் திறக்க வேண்டும்.

சிக்த்ரிக்கின் கதைக்கும் ஒரு வரி. 1014-ல் குளோன்டார்ஃப் போரில் அயர்லாந்தின் பேரரசர் பிரையன் போரு இறந்தார். அவருடைய எதிரணியில் இருந்த சிக்த்ரிக் அவருக்கே மருமகன். பள்ளிப் பாடத்தில் பிரையன் பெரிய வீரர். நாணயத் தட்டில் அவருக்கு இடமே இல்லை, அவர் ஒரு காசும் அடிக்கவில்லை.

முக்கோணத்துக்குள் ஒரு தலை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேய-நார்மன்கள் வந்தார்கள். இரண்டாம் ஹென்றி தன் கடைசி மகன் ஜானை அயர்லாந்தின் பிரபுவாக ஆக்கினார். ஜான் பெயரில் முதலில் வந்தவை அரைப் பென்னிகளும் கால் பென்னிகளும்தான். இங்கிலாந்தில் அப்போது சில்லறைக்கு முழுப் பென்னியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். வட்டமான அரைப் பென்னி அங்கே வழக்கத்துக்கு வந்தது 1280 வாக்கில். அந்த ஒரு விஷயத்தில் அயர்லாந்து ஒரு நூற்றாண்டு முந்திக்கொண்டது.

வடக்கே அல்ஸ்டரைப் பிடித்து வைத்திருந்த ஜான் டி கூர்சி என்ற நார்மன் வீரர் தன் பங்குக்குக் குட்டிக் கால் பென்னிகளை அடித்தார். டவுன்பேட்ரிக், கேரிக்ஃபெர்கஸ் என்ற இரண்டு ஊர்களில். அவற்றில் அரசர் பெயருக்குப் பதிலாகப் புனித பேட்ரிக்கின் பெயர் இருந்தது. அரசருக்குப் பிடித்திருக்காது என்று தாராளமாக ஊகிக்கலாம். விரல் நகத்தைவிடச் சிறிய இந்தக் காசுகள் இன்று மிக அரியவை.

ஜான் இங்கிலாந்து அரசரான பிறகு, 1207-ஐ ஒட்டி, அயர்லாந்துக் காசுக்குத் தனி அடையாளம் ஒன்று வந்தது. அரசரின் தலை ஒரு முக்கோணத்துக்குள். மறுபக்கமும் முக்கோணம், உள்ளே சூரியன், பிறை, விண்மீன்கள். டப்ளின், வாட்டர்ஃபோர்ட், லிமெரிக் மூன்றிலும் அடித்தார்கள். முக்கோணம் எதற்கு என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. யாழைக் குறிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. சந்தையில் இங்கிலாந்துக் காசையும் அயர்லாந்துக் காசையும் ஒரே பார்வையில் பிரித்தறிய ஒரு வடிவம் தேவைப்பட்டிருக்கும், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. மூன்றாம் ஹென்றியும் முக்கோணத்தை வைத்துக்கொண்டார். முதலாம் எட்வர்ட் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். ஆகவே முனை கீழே இருந்தால் எட்வர்ட் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஊர்ப் பெயரின் மதிப்பு இங்கேதான் புரியும். முதலாம் எட்வர்டின் பென்னி டப்ளினில் அடித்ததென்றால் சுலபமாகக் கிடைக்கும். வாட்டர்ஃபோர்டும் பரவாயில்லை. அதே முகம், அதே முக்கோணம், மறுபக்கத்தில் மட்டும் கார்க் நகரின் பெயர் இருந்தால் ஏலக்காரர் குரல் மாறிவிடும்.

அப்புறம் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வறட்சி. இடையில் மூன்றாம் எட்வர்டும் ஆறாம் ஹென்றியும் அடித்த ஒன்றிரண்டு வகைகள் உண்டு, ஆனால் அவை கனவில் சேர்க்க வேண்டியவை.

1460-ல் ஒரு திருப்பம். இங்கிலாந்தின் உள்நாட்டுச் சண்டையில் தோற்று அயர்லாந்துக்கு ஓடிவந்த யார்க் பிரபு ரிச்சர்டின் தலைமையில் ட்ரோஹெடாவில் நாடாளுமன்றம் கூடியது. அயர்லாந்துக்குத் தனி நாணயம் வேண்டும், அதன் எடையும் குறைவாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எடை குறைந்தால் காசு நாட்டைவிட்டு வெளியே ஓடாது என்பது கணக்கு. அப்படி வந்த குரோட்டில், அதாவது நான்கு பென்னிக் காசில், ஒரு கிரீடம் மட்டும்தான். முகம் இல்லை, அரசர் பெயரும் இல்லை. இரண்டு பேர் ஒரே சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது பெயர் போடாமல் விடுவது புத்திசாலித்தனம்.

பெயர் போட்ட துணிச்சலுக்கும் உதாரணம் உண்டு. 1487 மே 24 அன்று டப்ளின் கிறிஸ்து சர்ச் பேராலயத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 'ஆறாம் எட்வர்ட்' என்று முடி சூட்டினார்கள். லாம்பர்ட் சிம்னெல் என்பது அவன் பெயர். ஏழாம் ஹென்றியை இறக்கிவிட யார்க் கட்சிக்காரர்கள் நிறுத்திய பொம்மை அரசன். ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஜூன் 16 அன்று ஸ்டோக் போரில் எல்லாம் முடிந்தது. ஹென்றி அவனைக் கொல்லவில்லை, அரண்மனைச் சமையல்கட்டில் வேலைக்குப் போட்டார். பின்பக்கத்தில் மூன்று கிரீடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அந்தக் காலத்துக் குரோட்டுகளில் எட்வர்ட் என்ற பெயரோடு சில இருக்கின்றன. அவை இந்தச் சிறுவனுக்காக அடித்தவை என்பது நாணயவியலாளர் பலருடைய கருத்து. அப்படி ஒன்று கைக்கு வந்தால் நான் இரண்டு நாள் தூங்கமாட்டேன்.

மனைவிகளின் முதலெழுத்து

அயர்லாந்து யூரோ நாணயத்தில் இன்று இருக்கும் யாழ் முதன்முதலாகக் காசில் ஏறியது 1534-ல், எட்டாம் ஹென்றி காலத்தில். ஒரு பக்கம் அரச கேடயம், மறுபக்கம் கிரீடம் வைத்த யாழ். அரசர் முகம் கிடையாது. யாழின் இரு பக்கமும் ஒவ்வொரு எழுத்து. இடப்பக்கம் எச், ஹென்றிக்கு. வலப்பக்கம் யார் என்பதுதான் வேடிக்கை.

முதலில் வந்த காசுகளில் ஏ இருக்கும். ஹென்றியின் இரண்டாவது மனைவி ஆன் பொலின். 1536 மே மாதம் அவருடைய தலை போனது. அதே மாத இறுதியில் ஹென்றி ஜேன் சீமோரை மணந்தார். காசில் ஏ போய் ஐ வந்தது. ஜே இல்லையா என்று கேட்கலாம். அந்தக் காலத்து லத்தீன் எழுத்தில் ஜே-க்கும் ஐ-தான். 1537 அக்டோபரில் பிள்ளை பெற்ற சில நாளில் ஜேனும் இறந்தார். பிறகு ஆர் வந்தது, அரசர் என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து. 1540-ல் கேத்தரின் ஹவர்ட் வந்ததும் கே. 1542 பிப்ரவரியில் அவர் தலையும் போனது. அதற்குப் பிறகு காசில் ஆர் மட்டும்தான். ஆறாவது மனைவி கேத்தரின் பார் அரசரைவிட அதிக காலம் உயிரோடிருந்தார், ஆனால் காசில் ஏறவில்லை. அச்சு வெட்டும் பட்டறையில் யாரோ ஒருவர் இனி இந்த வம்பே வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் மனைவியும் கேத்தரின்தானே, கே அவராக இருக்கக் கூடாதா என்று தோன்றலாம். இருக்க முடியாது. இந்த வகை தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவித்தாயிற்று.

ஆர் எழுத்துள்ள குரோட் சாதாரணமாகக் கிடைக்கும். ஏ, ஐ, கே மூன்றுக்கும் அதைவிட விலை கூடும், ஏனென்றால் மனைவிகளின் கதைக்காகவே வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இதே எழுத்துகளோடு அரைக் குரோட்டும் உண்டு. அவை ரொம்பக் கடினம். இன்னொன்றையும் கவனியுங்கள்: தொடக்கக் காசுகளில் ஹென்றி அயர்லாந்தின் 'பிரபு', 1541-ல் நாடாளுமன்றம் அவரை அரசராக அறிவித்த பிறகு வந்தவற்றில் 'அரசர்'. காசின் ஓரத்து எழுத்து இதைச் சொல்லும், ஓரம் மிச்சமிருந்தால்.

ஓரம் மிச்சமிருந்தால் என்று ஏன் சொல்கிறேன்? வெள்ளிக் காசின் விளிம்பைச் சுரண்டி எடுத்து உருக்குவது அந்தக் காலத்தில் பெரிய தொழில். நான்காம் எட்வர்ட் காலத்து இலேசான குரோட்டுகள் இதற்குப் பேர்போனவை. ட்ரோஹெடா, ட்ரிம், வெக்ஸ்ஃபோர்ட் என்று பல ஊர்களில் அடித்தார்கள், ஆனால் ஊர்ப் பெயர் விளிம்பில்தானே இருக்கிறது. சுரண்டியவன் வெள்ளியோடு சேர்த்து ஊரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஊர் தெரியாத குரோட் குறைந்த விலைக்கு வரும். மிச்சமிருக்கும் இரண்டு எழுத்தை வைத்து அது வெக்ஸ்ஃபோர்ட் என்று நீங்கள் கண்டுபிடித்தால் அது உங்கள் சாமர்த்தியம்.

கெட்ட காசின் காலம்

ஹென்றியின் கடைசிக் காலத்திலிருந்தே அயர்லாந்துக் காசில் வெள்ளி குறைந்துகொண்டே வந்தது. மகள் எலிசபெத் 1601-ல் எல்லை தாண்டினார். அல்ஸ்டரில் ஹியூ ஓ'நீலோடு நடந்த போருக்குப் படைச் சம்பளம் கொடுக்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு மட்டும் வெள்ளி உள்ள ஷில்லிங்கை அடித்து, இதுதான் சட்டப்படியான காசு, மறுத்தால் தண்டனை என்று அறிவித்தார். தேய்ந்த இடத்தில் செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும்.

இதில் வந்த வழக்கு ஒன்றைச் சட்டக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். ட்ரோஹெடா வியாபாரி பிரெட், லண்டன் வியாபாரி கில்பர்ட்டிடம் சரக்கு வாங்கியிருந்தார். நூறு பவுண்டை டப்ளின் கிறிஸ்து சர்ச்சில், ஸ்ட்ராங்போ பிரபுவின் கல்லறையில் வைத்துக் கொடுப்பதாகப் பத்திரம். பத்திரம் எழுதியது நல்ல வெள்ளி இருந்த காலத்தில். கொடுக்கும் நாள் வந்தபோது கலப்புக் காசு வந்துவிட்டது. பிரெட் அதையே கொண்டுபோய் நீட்டினார். அரசர் எதைக் காசு என்கிறாரோ அதுதான் காசு, எனவே கடன் அடைந்தது என்று தீர்ப்பு. காசின் மதிப்பு உலோகத்தில் இல்லை, அதன்மேல் இருக்கும் முத்திரையில் இருக்கிறது என்ற கொள்கைக்கு இது முன்னோடி வழக்கு. அந்த 1601 ஷில்லிங் அழகில்லாத காசுதான், ஆனால் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னால் வீட்டில் யாரும் எழுந்து போவதில்லை.

1640-களின் உள்நாட்டுப் போரில் நிலைமை இன்னும் மோசம். வீட்டு வெள்ளித் தட்டுகளை வாங்கித் துண்டாக்கி, சிலவற்றில் எடையை மட்டும் குத்தினார்கள். 1643-ல் வந்த, அரசர் தரப்புத் தலைவர் ஆர்மண்ட் பிரபுவின் பெயரால் அழைக்கும் ஆர்மண்ட் காசில் ஒரு பக்கம் கிரீடத்துக்குக் கீழே அரசர் முதலாம் சார்லஸின் பெயருக்கான சி.ஆர்., மறுபக்கம் மதிப்பு, அவ்வளவே. முதலில் சொன்ன 1646 தங்கப் பிஸ்டோலும் இந்தக் குடும்பம்தான். இரண்டு பக்கமும் நான்கு பென்னிவெயிட் ஏழு கிரெயின் என்ற எடை மட்டும். முகமில்லை, பெயரில்லை, நாடில்லை.

வாங்கும்போது

ஒரு முறை ஏமாந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒருவர் சிக்த்ரிக் பென்னி என்று விற்றார். படம் தெளிவு, எழுத்து தெளிவு, விலை ரொம்பவே தெளிவில்லாத குறைவு. ஆசையில் வாங்கிவிட்டேன். வந்ததைத் தராசில் வைத்தால் மூன்று கிராம். அசலைப்போல் இரண்டு மடங்கு. ஓரத்தில் கோடு ஓடியது, அச்சில் உலோகத்தை ஊற்றி வார்த்ததன் தழும்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும் விற்கும் நினைவுப் பொருள்தான் அது.

அன்றிலிருந்து நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசும் ஒரு உருப்பெருக்கியும் இல்லாமல் எதையும் பார்ப்பதில்லை. அந்தக் காலக் காசுகளைச் சுத்தியலால் அடித்தார்கள், வார்க்கவில்லை. அடித்த காசில் ஓரம் வெடித்திருக்கும், படம் மையத்திலிருந்து தள்ளியிருக்கும், சில இடத்தில் இரட்டையாகப் பதிந்திருக்கும். வார்த்த போலியில் எழுத்தின் விளிம்பு சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கியிருக்கும், தரையில் குட்டிக் குமிழிகள் தெரியும். காந்தத்தில் ஒட்டினால் பேச்சே வேண்டாம்.

வாங்கிய காசைக் கழுவாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை நமக்கு, சும்மா இருக்காது. முந்நூறு ஆண்டு சேர்ந்த அந்தக் கருமைதான் காசின் தோல். பளபளவென்று ஆக்கினால் பாதி விலை போய்விடும், அசலா போலியா என்று சொல்லும் தடயமும் போய்விடும்.

விற்பவரிடம் இது முன்பு யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். அயர்லாந்துக் குடியரசில் அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவியைக் கொண்டு தொல்பொருள் தேடுவது குற்றம். மண்ணில் கிடைத்த பழைய நாணயம் அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவர் 96 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பழைய ஏலச் சீட்டோ, முந்தைய சேகரிப்பாளர் கையெழுத்தில் எழுதிய அட்டையோ சேர்ந்து வந்தால் அதையும் காசாகவே நினைத்துப் பத்திரப்படுத்துங்கள். ஏலங்களில் ஒவ்வொரு வகைக்கும் ஸ்பிங்க் என்ற லண்டன் நாணய நிறுவனத்தின் பட்டியல் எண் ஒன்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் பழைய ஏலங்களில் அதே வகை என்ன விலைக்குப் போனது என்று தேடலாம். டப்ளினுக்குப் போக வாய்த்தால் காலின்ஸ் பாரக்ஸில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் ஆயிரம் ஆண்டு அயர்லாந்துக் காசுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது.

பீரங்கியை உருக்கிய காசு

எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் அந்தப் பித்தளைக் காசுதான். ஆங்கிலத்தில் 'கன் மணி', பீரங்கிக் காசு. தேய்ந்த ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்துவிடும்.

இங்கிலாந்தில் அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் 1689 மார்ச்சில் அயர்லாந்தில் கின்சேலில் வந்து இறங்கினார். மருமகன் வில்லியத்தோடு போர். படை இருக்கிறது, பணம் இல்லை. உடைந்த பீரங்கி, மணி, அடுப்படிப் பாத்திரம் என்று கிடைத்ததையெல்லாம் உருக்கி டப்ளின் கேப்பல் தெருவிலும் லிமெரிக்கிலும் காசடித்தார்கள். வெற்றிக்குப் பிறகு இதைக் கொண்டுவந்தால் நல்ல வெள்ளியாக மாற்றித் தருகிறேன் என்பது ஜேம்ஸின் வாக்கு. ஒரேயடியாக எல்லோரும் வந்து நின்றால் முடியாதே; முந்திய மாதக் காசுக்கு முதலில், பிந்தியதற்குப் பிறகு என்று வரிசையாக மாற்றலாம். மாதம் போட்டதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் இதுதான். காசு இல்லை அது, கடன் பத்திரம்.

1690-ல் பித்தளைக்கும் தட்டுப்பாடு வந்தது. மே மாதத்திலிருந்து காசின் அளவைச் சிறிதாக்கினார்கள். பழைய பெரிய அரை கிரௌனை, அதாவது 30 பென்ஸ் காசை எடுத்து, அதன் மேலேயே குதிரைமேல் இருக்கும் ஜேம்ஸை அடித்து முழுக் கிரௌன் என்றார்கள். குதிரையின் வயிற்றுக்குக் கீழே பழைய காசின் எழுத்து எட்டிப் பார்க்கும் கிரௌன்கள் இன்றும் கிடைக்கின்றன. ஜூலை 1 அன்று பாய்ன் ஆற்றங்கரையில் ஜேம்ஸ் தோற்று பிரான்சுக்குக் கப்பலேறினார். வில்லியம் டப்ளினுக்குள் வந்ததும் 30 பென்ஸ் என்று இருந்த பெரிய அரை கிரௌன் ஒரே ஒரு பென்னி ஆனது. கையில் மூட்டையாக வைத்திருந்தவர்கள் கதி என்ன ஆயிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முற்றுகையில் கிடந்த லிமெரிக்கிலோ அதே ஷில்லிங்குகளின் மேல் ஹைபர்னியா என்ற பெண்ணுருவை அடித்து, 1691 என்று போட்டு, அரைப் பென்னியாக ஓட்டினார்கள். அவசரத்தில் 'என்' எழுத்தைத் திருப்பி வெட்டிவிட்டார்கள். அடையாளம் காண அதுவே போதும்.

மாதங்களை வரிசையாகச் சேர்ப்பது நல்ல விளையாட்டு. சில மாதங்கள் குவிந்து கிடக்கும், சிலவற்றுக்கு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். எட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'பெர்' என்று இருந்தால் அது ஆகஸ்ட் இல்லை, அக்டோபர். லத்தீனில் அக்டோ என்றால் எட்டு. அதேபோல ஒன்பது நவம்பர், பத்து டிசம்பர். இரண்டாவது, ஆண்டுப் பிறப்பு. அந்த நாட்டில் அப்போது புது ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே தட்டில் அடுக்கும்போது டிசம்பர் 1689-க்கு அடுத்து ஜனவரி 1689 வரும், அப்புறம் பிப்ரவரி 1689. மார்ச்சுக்கு இரண்டு: மாதத்தின் முதல் 24 நாளில் அடித்ததில் 1689, கடைசி வாரத்தில் அடித்ததில் 1690.

என்னிடம் இரண்டு மார்ச்சும் இருக்கின்றன. முதலில் ஒரு வருட இடைவெளி என்று நினைத்துத் தட்டின் இரண்டு மூலையில் வைத்திருந்தேன். இப்போது பக்கத்துப் பக்கத்துக் குழியில் இருக்கின்றன.